மீன் பெட்டிக்குள் வெள்ளி

ஜெலுத்தோங் சந்தையில் ஆ செங் சும்மா கொடுத்த
தெர்மோகோல் பெட்டி.
மூன்று முறை கழுவி, எலுமிச்சை தேய்த்து,
இரண்டு நாள் வெயிலில் போட்டும்
போகவில்லை கானாங்கெளுத்தி வாடை.
மூடியில் ஜன்னல் வெட்டி
டிரேசிங் தாள் ஒட்டினேன்.
பதினோராம் மாடியில், சமையலறைக்கும் துணிக்கொடிக்கும் நடுவே
இதுதான் என் ஸ்டூடியோ.

படிவம் சொல்கிறது:
படங்கள் ஐந்து. பின்னணி வெறுமை.
கை, கழுத்து, முகம் கூடாது.
செய்தவர் பெயர் எங்கும் தெரியக் கூடாது.
கட்டணம் நூற்றிருபது வெள்ளி, திருப்பித் தரப்படாது.
கடைசி நாள் வெள்ளி, நள்ளிரவு.

என் வளையலும் வெள்ளி.
இந்த ஊரில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
எத்தனை பேர் பிழைக்கிறோம்.

போன வருடம் குகனேசன் எடுத்துக் கொடுத்தான்,
கல்யாண வீடுகளுக்குப் படம் பிடிக்கிறவன்.
வாழையிலையில் வளையலை வைத்து
பக்கத்தில் ஒரு பிடி மல்லிகை,
பின்னால் மங்கலாக ஒரு குத்துவிளக்கு.
பார்த்தவர்கள் எல்லாரும்
விளக்கு எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள்.
நடுவர்களின் பதில்
இரண்டு வரியில் வந்தது.

ஒரு படத்துக்கு எட்டு விநாடியாம்.
மூன்று பேர், இருட்டறை, ஒரு திரை.
இதன் கொக்கிக்கு மட்டும்
எட்டு நாள் ஆனது எனக்கு.
நான்கு முறை உருகி ஒழுகி,
ஐந்தாம் முறை பிடித்துக்கொண்டது.

மழைக்கு முன்னால், கொடிமலைப் பக்கம்
வானம் ஈயம் பூசிக்கொள்ளும் பத்து நிமிடம்.
அந்த வெளிச்சத்துக்காக
மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்துக் காத்திருந்தேன்.
வந்தது.
வந்ததும்தான் தெரிந்தது,
வெள்ளி எதையும் விடாது என்று.
என் கைப்பேசி, அதைப் பிடித்த விரல்,
கூரையின் ஈரக்கறை,
எதிர் புளோக்கில் காயும் சிவப்புத் துண்டு கூட
வளையலுக்குள் ஒரு கீறலாக.

பெட்டியை மூடினேன்.
இப்போது எல்லாப் பக்கமும் வெள்ளை.
வெள்ளி தன்னை மறந்துவிட்டது.
சோப்புத் துண்டு போல,
உரித்த முட்டை போல,
விளிம்பு எங்கே முடிகிறதென்று தெரியாமல்
ஒரு பத்து வெள்ளிக் கடைச் சாமான்.
நாற்பது படம். நாற்பதும் அப்படி.

அப்போதுதான் ஸ்வீ லானின் பூனை வந்தது.
கறுப்பு. கிழடு. ஒரு காது பாதி.
வாடை பிடித்துக் கம்பிக்கதவு இடுக்கில் நுழைந்து
நேராகப் பெட்டிக்குள் தலையை விட்டது.
சூ என்று கத்தினேன்,
கத்திய அதிர்ச்சியில் விரல் அழுத்திவிட்டது.

நாற்பத்தொன்றாம் படம்.
பூனை இருந்த பக்கம்
வளையலின் ஓரத்தில் ஒரு கருங்கோடு,
அந்தக் கோட்டுக்கு இந்தப் புறம்
வெள்ளி வெள்ளியாக இருந்தது.
கனத்தது.
தட்டினால் சத்தம் கேட்கும் போல.

பூனை நிற்குமா.
மீன் இல்லை என்று தெரிந்ததும்
என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.
கறுப்புத் தாளுக்கு அலமாரியைத் துழாவ நேரமில்லை,
முதல் துளி விழுந்துவிட்டது.
இடக்கையை நீட்டினேன்.
ஆறாம் வகுப்பில் எனக்குப்
பட்டப்பெயர் வாங்கித் தந்த கை.
வளையலுக்கு ஒரு சாண் தள்ளி,
சட்டகத்துக்கு வெளியே,
கொஞ்சம் மேலே, இல்லை, கீழே,
அப்படியே.

மழை அடித்து ஊற்றுவதற்குள்
நான்கு படம் கிடைத்தது.
விதி மீறவில்லை. கை எங்கும் இல்லை.
அதன் இருட்டு மட்டும்
உலோகத்துக்குள் நிற்கிறது.

இரவு பதினொன்றே முக்கால்.
பொருள், அளவு, விலை எல்லாம் நிரப்பியாயிற்று.
விலையில் ஒரு சைபரைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டேன்.
ஐந்தாவதாக
நாற்பத்தொன்றை ஏற்றினேன்.
மிகப் பெரிதாக்கிப் பார்த்தால்
மூலையில் ஒரு மீசை முடி தெரியும்.
அழிக்கத் தெரியும் எனக்கு.
எட்டு விநாடியில்
எவராவது அதைப் பார்த்தால்
அவருக்கு என் வணக்கம்.