எடைத் திருகு

அவர் என்னைப் பார்க்கவில்லை. வரைபடத்தைப் பார்த்தார்.
திரையில் ஒரு நீலக்கோடு வழுக்கி இறங்கியது,
நான் இருந்திருக்க வேண்டிய இடம்.
அதற்கு மேலே தயங்கித் தயங்கிச் சில சிவப்புப் புள்ளிகள்,
நான்.

"பதினான்கு மாதத்தில் முப்பத்தோரு கிலோ.
நாங்கள் எதிர்பார்த்தது ஐம்பது" என்றார் டாக்டர் க்ரெம்பா,
பேனா மூடியால் கடைசிப் புள்ளியைத் தட்டியபடி.
"சோம்பல் என்று சொல்லமாட்டேன்."
சொல்லிவிட்டார்.
"வெட்டியது வயிற்றை, மூளையை அல்ல, பானி வியஸ்வாவா.
உங்கள் மாதிரி ஆட்கள் மூன்றாம் வருஷம்
பழைய சட்டைக்கே திரும்பிவிடுவார்கள்."

பலரிடம் சொல்லிப் பழகிய வாக்கியம் போல.
அவ்வளவு வழுவழுப்பு.

வெளியே வூச் நகரத்தின் நவம்பர் மழை.
எதிர்ச்சாரியில் ரொட்டிக் கடை, கண்ணாடியெல்லாம் ஆவி.
முன்பென்றால் பாப்பி விதை பன் மூன்று வாங்கி
நிறுத்தத்திலேயே தின்று முடித்திருப்பேன்.
இப்போது அழுகையை எதை வைத்து அடைப்பது
என்று தெரியாமல்
குடையை விரிக்கவும் மறந்து நின்றேன்.

எண்சாண் உடம்புக்கு ஒரு சாண் வயிறு என்பார்கள்.
எனக்கு மிச்சம் விட்டது இரண்டு விரல் அகலம்.
அதற்குள் ஒரு கரண்டி பீட்ரூட் சூப்,
காத்திருப்பு,
இன்னொரு கரண்டி.
ஜனவரி முழுக்கக் குளியலறைத் துளையிலிருந்து
என் தலைமுடியை உருண்டை உருண்டையாக எடுத்தேன்.
தங்கை கல்யாணத்தில், நாலு மணி நேரம்,
ஒரே ஒரு கேக் துண்டைத் தட்டில் இடம் மாற்றிக்கொண்டிருந்தேன்.
அந்த வரைபடத்தில் இதற்கெல்லாம் கட்டமில்லை.

ட்ராம் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஒரு திருகு உண்டு.
உட்காருபவரின் எடைக்குச் சுருள்வில்லை இறுக்குவது.
ஐம்பதில் தொடங்கி நூற்று முப்பதில் முடியும்.
நான் நூற்று முப்பத்தொன்று.
ஒன்பது வருஷம், தண்டவாளம் பிரியும் ஒவ்வொரு இடத்திலும்
இருக்கை தரையில் மோதி
என் முதுகெலும்பில் ஒரு ஆணி இறங்கும்.
யாரிடமும் சொன்னதில்லை.
திருகின் கடைசிக் கோட்டைத் தாண்டியவள்
என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் விடிகாலை, பணிமனையில்,
மிரோன் இரவு ஷிப்ட் முடித்து இறங்கினான்.
"ஒண்ணு கேக்கணும்" என்றான், கையுறையைக் கழற்றிக்கொண்டே.
"இந்த ஒரு மாசமா நான் திருகவே இல்லை.
நீ விட்ட இடத்திலேயே எனக்குச் சரியா இருக்கு.
நீ என்ன, நூறா?"
நூறு, என்றேன்.
"அடக் கடவுளே, அப்ப நானும் நூறா!
மனைவியிடம் எண்பத்தெட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன்."
சிரித்துச் சிரித்து இருமினான்.
எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு, சம்பந்தமில்லாமல்,
கொஞ்சம் கண்ணீர்.

சாண் ஏறினால் முழம் சறுக்கும்:
டாக்டர் சொன்னதன் சாரம் அவ்வளவுதான்.
பொய் என்று சொல்லமாட்டேன். போன வாரமே
ஒன்றேகால் கிலோ ஏறியிருந்தது.
ஆனால் இலையுதிர்காலத்தில்
நசுங்கிய மேப்பிள் இலைகள் தண்டவாளத்தில் சோப்பாகும்போது
சறுக்குகிறது என்று யாரும் வண்டியை விட்டு இறங்குவதில்லை.
காலடியில் ஒரு மிதி இருக்கிறது. மிதித்தால்
சக்கரத்துக்கு முன்னால் மணல் கொட்டும்.
சறுக்கும் என்று தெரிந்த தடத்தில் ஓட்டத்தானே
எனக்குச் சம்பளம்.

பிப்ரவரியில் அடுத்த சந்திப்பு.
சொல்வதற்கு நீளமாக ஏதேதோ எழுதி வைத்தேன்,
கிழித்துப் போட்டேன்.
திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்புங்கள் டாக்டர்,
இதை மட்டும் கேட்பதாக இருக்கிறேன்.
கேட்பேனா, தெரியவில்லை.

கிலின்ஸ்கி தெருத் திருப்பம்.
தண்டவாளம் பிரிகிறது.
பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.
இருக்கை இறங்குகிறது, இறங்குகிறது,
தரையைத் தொடாமல்
மேலே வருகிறது.