தீர்மானம் எண் நாற்பத்தேழு

வாலாஜாபேட்டை நகராட்சிக் கூட்டத்தில்
குறிப்பெழுதுவது என் வேலை.
பேசுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில்
முற்றுப்புள்ளி வைப்பேன்.

அன்றைய பொருள்:
நரிக்குட்டையின் மூன்று ஏக்கர் இருபது சென்ட்,
ஷூ அட்டை செய்யும் கம்பெனிக்கு
தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை.

பதினொன்றாம் வார்டு வேதபுரி எழுந்தார்.
சைக்கிள் உதிரிபாகக் கடை. நகத்தில் கிரீஸ்.
மூன்று பத்துக்கு ஆரம்பித்தவர்
நாலு மணிக்கும் நின்றுகொண்டிருந்தார்.
சர்வே எண் சொன்னார்,
உபரிநீர் எந்தக் கால்வாயில் இறங்கிப்
பாலாற்றைத் தொடும் என்றார்,
பாலாறு கடைசியாக எப்போது ஓடியது என்றார்.
அதற்கு மட்டும் எல்லோரும் நிமிர்ந்து
ஆளுக்கொரு வருடம் சொன்னார்கள்.

தொலைநிலைக் கல்வியில் வரலாறு படித்தவள் நான்.
ரோமில் கேட்டோ என்று ஒருவன்.
வாக்கெடுப்பைத் தடுக்க அவன் கண்ட வழி
பொழுது சாயும்வரை பேசுவது.
இருட்டினால் சபை கலையும், அங்கே அது முறை.
நீதி சொல்ல வெறுங்காலோடு வருவான்.
லஞ்சம் வாங்கமாட்டான், வாங்கியவனை விடமாட்டான்.
நல்லதும் கெட்டதும் மனசுக்குள்தான்,
மிச்சமெல்லாம் வெயில்போல மழைபோல
என்று நம்பிய கூட்டத்தைச் சேர்ந்தவன்.
தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி.
மூன்று வாங்கினேன்.

ஐந்து மணிக்கு வேதபுரி
கொசு மருந்து டெண்டருக்குப் போனார்.
"பொருளுக்கு வாங்க" என்றார் தலைவர்.
"கொசு எங்கேர்ந்து வருது? பொருள்லதான் இருக்கேன்."

சீசர் பொறுமையிழந்து கேட்டோவைச்
சிறைக்குக் கொண்டுபோகச் சொன்னபோது
பாதி சபை எழுந்து பின்னால் போனதாம்.
இங்கே காவலாளி கன்னியப்பனைக் கூப்பிட்டார்கள்.
வந்தான். யாரை எங்கே தொடுவதென்று விளங்காமல்
மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டுப் போனான்.
எழுந்தது ஒரே ஒருவர், நாலாம் வார்டு ஜுலேகா பீ.
அவருக்கும் போன் வந்திருந்தது.

ஆறு இருபத்தைந்துக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
(டீசல் கணக்கைப் போன மாதம் கேட்டவரும் வேதபுரிதான்.)
கூட்டம் ஒத்திவைப்பு.
இருட்டில் யாரோ கைதட்டினார்கள்.
கொசுவாகவும் இருக்கலாம்.

இதோடு முடிந்திருந்தால் ஐந்துக்கு ஐந்து.

படிக்கட்டில் துணைத்தலைவர் அவரைப் பிடித்தார்.
"பாதியை விட்டுக்குடு. பாதி குட்டையாவே இருக்கட்டும்,
வேலி போட்டுத் தரச் சொல்றேன்."
வேதபுரி காலால் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தார்.
"பாதிக் குட்டைக்குப் பேரு சேறு."
செருப்பு கிடைக்கவில்லை.
வெறுங்காலோடு சைக்கிள் ஏறினார்.

அடுத்த கூட்டம் காலை பத்தரைக்கு.
வெளிச்சம் தாராளம்.
நாலே நிமிடம். ஒருவர் தவிர அனைவரும் ஆதரவு.

கேட்டோ வீட்டுக்கும் ஒருநாள் சம்பந்தம் பேசி வந்தார்கள்,
படை வைத்திருந்த பெரிய கை ஒன்றிடமிருந்து.
மறுத்துவிட்டான்.
அந்தக் கை சீசரின் மகளைப் பிடித்தது.
இரண்டு கை சேர்ந்த பிறகு
குடியரசிடம் மிஞ்சியது கழுத்து.
வளைந்திருந்தால் நின்றிருக்குமோ?
வளைந்து நிற்பதற்கு அந்தப் பெயர் தகுமோ?
மூன்று மதிப்பெண்காரிக்குத் தெரியவில்லை.
நரிக்குட்டையில் லாரி மண் கொட்டுகிறது.
பாதியாவது, என்று நினைக்கும்போதெல்லாம்
சேறு என்ற சொல்லும் பக்கத்தில் வந்து நிற்கிறது.

குறிப்பேட்டில் அவருக்கு ஒரு வரிதான்:
உறுப்பினர் திரு. வேதபுரி ஆட்சேபித்தார்.
ஆணையர் கையெழுத்துக்குப் போகும்முன்
நேரத்தை மட்டும் சேர்த்தேன்,
பிற்பகல் 3.10 முதல் 6.25 வரை.
யாரும் கேட்கவில்லை.
கேட்டால், சுவர்க் கடிகாரம் பார்த்து எழுதினேன் என்பேன்.
அது ஐந்து நிமிடம் பிந்தி ஓடும்.
அதற்கும் அவர் ஒருமுறை ஆட்சேபித்திருக்கிறார்.