ஐம்பத்தாறு நிமிடம்

தொண்ணூற்றொன்றில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள்
உசிலம்பட்டி மண்டபத்தில் கூடினோம்.
எல்லோருக்கும் சர்க்கரை, பாதிப்பேருக்கு ஸ்டென்ட்.
"மொக்கராசு, நீ மட்டும் என்னடா
புதுமாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கிற?"
தவமணி கேட்டான்.
சிரித்து வைத்தேன்,
சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ஆடிக் காற்று ஜன்னலை அறைகிறது.
எழுமலைப் பக்கம், தெற்கே, தனுசில்
மெசியர் ஐம்பத்தைந்து.
வெறுங்கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை.
எங்கோ சிலியில் ஐந்து இரவு எடுத்த படம்
என் மடிக்கணினியில் திறந்திருக்கிறது:
ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்த லட்சம் பேர்,
கனத்தவர்கள் எப்போதோ சிவந்து ஊதி முடிந்துவிட்டார்கள்.
நடுவில் ஒருத்தன் நீலமாய்,
வயதுக்குப் பொருந்தாமல்.

பக்கத்துத் துணையிடம் வாங்கித் தின்றவன்.
வெளியே சொல்லமாட்டான்.
ஆனால் ஐம்பத்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை
வீங்கிச் சுருங்குகிறான்;
அந்தத் துடிப்பை வைத்தே எடை போட்டுவிடலாம்:
தனக்கு உரியதைவிடக் கூடுதல்.

என் இடது முன்கையில்
டயாலிசிஸுக்காக இணைத்த நரம்பு
இன்னும் கரகரக்கிறது.
காதில் வைத்தால் மாவு மில்.

பஸ் ஸ்டாண்ட் எதிரே ஜெராக்ஸ் கடையில்
அக்காவிடம் இதைச் சொல்லப்போனேன்:
கொடுத்த விண்மீன் கடைசியில்
சின்ன வெள்ளைக் கங்காகிவிடும், கண்ணுக்கே தெரியாது...
"ஆதார் முன்னும் பின்னுமா?" என்றாள் ஒச்சம்மாள்
வரிசையில் நின்றவரிடம்.
பிறகு என்னிடம்:
"ஏன்டா, நான் என்ன கரிக்கட்டையா?
ஒண்ணக் குடுத்தேன், ஒண்ணு இருக்கு.
தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்கிற."

டோனர் தீர்ந்த மிஷினை
இரண்டு தட்டு தட்டினாள்.
அது ஓடியது.

ஆய்வேட்டில் அந்த இடத்துக்கு வந்தேன்.
'துணை விண்மீன்: இல்லை' என்று எழுதியிருந்தேன்.
அடித்துவிட்டு
'எங்கள் கருவிக்கு எட்டவில்லை' என்று போட்டேன்.
வழிகாட்டி பேராசிரியர் ஒத்துக்கொள்வாரோ என்னவோ.

ஒன்பது அடித்ததும் போன் அதிர்ந்து அடங்கியது.
மிஸ்டு கால்.
மாத்திரை போடு என்று அர்த்தம்.
காலையில் ஒன்று, இரவில் ஒன்று, பதினோரு வருடமாக.
காலம்: பன்னிரண்டு மணி.
பிழை: கூட்டம் இருந்தால் இரண்டு நிமிடம்.