பாலாறு பாலே: வரவு செலவு

ஆண்டு மலருக்கு வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள்.
என்னிடம் இருப்பது வரவு செலவு நோட்டு மட்டும்.
கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கெழுதியவள் நான்.
கூட்டலில் பிசகு வராது.
ஆட்டத்தில் எது பிசகு என்று இன்றுவரை தெரியாது.

எண்பத்தொன்பது, ஜூன்.
சத்துவாச்சாரி, டயர் கடை மாடி, வாடகை நானூறு.
பெயர்ப்பலகை நூற்றிருபது.
மறுநாள் விடியுமுன் தூக்குச்சட்டியோடு ஆறு பேர்:
"லிட்டர் என்ன விலை?"
பால் இல்லை, பாலே என்று ஹெப்சிபா விளக்கினாள்.
நாலு பேர் திரும்பிப் போனார்கள்.
இரண்டு பேர் மகளைக் கூட்டி வந்தார்கள்.

ஹெப்சிபா மிஷன் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி.
காலையில் நடக்க முடியாதவர்களை நடக்க வைப்பாள்,
மாலையில் நன்றாக நடப்பவர்களைப் பார்த்து
"நடக்காதே" என்பாள்.

பிடித்து நிற்கத் தண்ணீர்க் குழாய், பன்னிரண்டடி.
வழுக்காமலிருக்கக் குங்கிலியம், நாட்டு மருந்துக் கடை, கால் கிலோ.
மூடிப்போன சலூனில் மூன்று கண்ணாடி மலிவாக வந்தது.
மூன்றாவதில் 'கடன் அன்பை முறிக்கும்'
சுரண்டியும் போகவில்லை.
அந்த எழுத்துக்குக் கீழேதான்
பதினான்கு ஜோடி முழங்கால் மடங்கி நிமிர்ந்தது.
மாதக் கட்டணம் தராதவர்களை
அதன் எதிரே நிற்க வைத்து என்னால் கேட்க முடிந்ததில்லை.
பாக்கிப் பத்தி நீளமாக இருப்பது அதனால்தான்.

நுனிக்கால் செருப்பு, வெளிநாட்டு ஜோடி:
மூன்று மாத வாடகை.
பங்க்சர் ஒட்ட வந்த ஜபருல்லா
ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங்.
கிழிந்த ஒன்றை வாங்கிப் பிளேடால் பிளந்தார்.
இரும்பு இல்லை, மரம் இல்லை.
சாக்கு, காகிதம், பசை.
"இவ்வளவுதானா?" என்றார், கொஞ்சம் ஏமாந்தவர் போல.

சினிமா போஸ்டர் ஒட்டும் மைதாப் பசையில் ஆறு ஜோடி செய்தார்.
ஆறையும் எலி தின்றது. (நஷ்டம்: இருநூற்றுப் பத்து.)
அடுத்தது வஜ்ஜிரம் காய்ச்சி.
எலி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.
தொண்ணூற்று மூன்றில் டவுன் ஹாலில் 'அகழி' ஆடியபோது
கோட்டை முதலைகளாகப் பெண்கள்
பச்சைக் குடைத்துணியில் மிதந்து வர,
முன்வரிசைக்குத் தோல் மண்டி வாசனை.
கைதட்டினார்கள், மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டு.

தொண்ணூற்றெட்டு. இதை மலரில் போடவேண்டாம் என்கிறார்கள்.
சினிமா ஆட்டம் சொல்லிக்கொடுத்தால் காசு வரும் என்று
பாதிப் பெற்றோர் பிரிந்தார்கள்.
இரண்டு கண்ணாடி அவர்கள் பங்கு.
எழுத்துள்ளதை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.
அடுத்த எட்டு மாதம் ஒவ்வொருத்தியாக முன்னால் வந்து
தன்னைப் பார்த்துக்கொண்டு பின்னால் போனார்கள்.
அப்போதுதான் வரிசையே சரியானது என்பாள் ஹெப்சிபா.
எனக்குத் தெரியாது.

லெட்டர்பேடில் 'தொழில்முறை ஆயத்தக் குழு' என்றிருக்கிறது.
எத்தனை பேர் தொழிலுக்குப் போனார்கள்?
ஒருவன்.
டயர் கடைக்காரர் மகன் சீனன்.
குளிர்தேசத்தில் ஏதோ அரங்கில், மூன்றாம் அங்கத்தில், ஈட்டி பிடித்து நிற்கிறான்.
ஜூன் தோறும் பணம் அனுப்புகிறான். பாங்குக் கமிஷன் தனி.
தேவகிருபை மும்பைத் தேர்வில் கடைசிச் சுற்றுவரை போனாள்.
கழுத்து குட்டை என்றார்களாம்.
இப்போது சப் இன்ஸ்பெக்டர்.
தேர்க்கூட்டத்தில் எட்டிப் பார்க்க
அவளுக்கு நாற்காலி வேண்டியதில்லை.
மற்ற நூற்றுப்பதினோரு பேரும் ஆயத்தமானார்கள்.
அதற்கு நோட்டில் பத்தி கிடையாது.

போன மாதம் காட்பாடி.
தேர்வுக்கு இரண்டு பேர், ஷபீனாவும் குணவதியும்.
வண்டி ஒன்றரை மணி தாமதம்.
பார்சல் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு
இரண்டு பேரும் மெல்ல உயர்ந்து நின்றார்கள், நிற்கிறார்கள், இறங்கவே இல்லை.
போர்ட்டர் குனிந்து பார்த்தார்:
"கால்ல முள்ளா பாப்பா?"

போர்ட்டருக்கும் எங்களுக்கும் டீ, நாற்பது ரூபாய்.
ரசீது இல்லை.