ஓடையில் முடியும் கட்டளைகள்

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
ஓர்ஹுஸ், நவம்பர் எண்பத்தாறு, நான்காவது மாடி,
மழை சாய்ந்து அடித்த ஒரு செவ்வாய்.
படகு கம்பெனிக்கு ஒரு சின்ன நிரல்மொழி.
எந்தப் படகு எப்போது கிளம்பும்,
காற்று எவ்வளவு அடித்தால் கிளம்பாது,
அவ்வளவுதான் அது பேச வேண்டியது.
மூன்று கூட்டங்கள் முடிந்தும்
ஒரு தொகுதி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது,
அதை எப்படிக் காட்டுவது
என்ற இடத்தை நாங்கள் தாண்டவில்லை.

தோர்கில்ட், நெளி அடைப்பின் கட்சி.
"ஒரே எழுத்து. திற. மூடு.
கதவுக்கு யாராவது உரை எழுதுவார்களா?"
விபெகே, சொற்களின் கட்சி.
தொடங்கு என்று எழுது, முடி என்று எழுது,
விரல் தேய்ந்தா போய்விடும்?
எபேவுக்கு எந்தக் குறியும் வேண்டாம்.
"உள்தள்ளி எழுது. எது எதற்குள் இருக்கிறதென்று
கண்ணுக்குத் தெரியாதா?"
சொல்லிவிட்டுக் கறுப்பு ரொட்டியைக் கடித்தான்.
துணுக்குகள் தாளின் இடது ஓரத்தில் விழுந்து
அவன் வரிகளை இன்னும் கொஞ்சம் தள்ளின.

சிக்கல் அச்சு எந்திரத்தில்.
எங்கள் எழுத்துகள் மூன்றுக்கு
அமெரிக்க அட்டவணையில் நாற்காலி இல்லை.
யாராவது எழுந்து இடம் தர வேண்டியிருந்தது.
எழுந்தவை அடைப்புக்குறிகள்.
ஆகவே தோர்கில்ட் { தட்டினால்
தாளில் æ.
} போட்டு மூடினால் å.
'அல்லது' என்பதற்கு அவன் நிறுத்தும் நெட்டைக்கோடு
ø ஆகி உருண்டது.

ø என்றால் தீவு.
å என்றால் ஓடை.
æ என்றால், தெற்கே எல்லையோரம் போனால், நான்.
அவன் எழுதிய தொகுதியெல்லாம்
நான் என்று தொடங்கி
வழியில் ஒரு தீவைச் சுற்றிக்கொண்டு
ஓடையில் போய் முடிந்தது.
இதைக் குறிப்பில் சேர்த்தேன்.
விபெகே அடித்துவிட்டாள்.

"எந்திரம் தப்பு" என்றான் தோர்கில்ட்.
"எந்திரம் இந்த ஊர்க்காரன்.
உன் அடைப்புக்குறிதான் விருந்தாளி."
"விருந்தாளியா? பாஸ்டனிலிருந்து வந்த உறையைப் பார்,
]rhus என்று முகவரி.
நம் ஊரே
திறக்காத ஒன்றை மூடிக்கொண்டுதான் தொடங்குகிறது."

அப்போது தொலைபேசி.
எபெல்டோஃப்ட் துறையிலிருந்து யூட்டே, இரவுப் பணி.
கணினிக் கம்பி படுத்துவிட்டது,
காற்றுத் திருத்தத்தை வாயால் சொல்லுங்கள்,
தட்டிக்கொள்கிறேன் என்றாள்.

எபே முந்திக்கொண்டான்.
காற்று பதினான்குக்கு மேல் போனால்,
என்று படித்து
இடைவெளி வந்த இடத்தில் மூச்சை நிறுத்தினான்.
நான்கு இடைவெளி, நான்கு மௌனம்.
"லைன் இருக்கிறதா?" என்றாள் யூட்டே.

விபெகே வாங்கிக்கொண்டாள்.
தொடங்கு. படகை நிறுத்து. முடி.
யூட்டே முடித்துவிட்டாள்.
மீண்டும் அவள் அழைக்கும்வரை
எபே சிரித்துக்கொண்டே இருந்தான்.

தோர்கில்ட், மிகத் தெளிவாக:
நெளி அடைப்பு, இடப்பக்கம் திறந்தது.
"அது எந்த விசை?"
அதுதான், வளைந்து, நடுவில் மூக்கு மாதிரி...
"æ-யா? æ என்று சொல்லக்கூடாதா?
இரண்டு வருடமாகத் தாளில் அதைத்தான் படிக்கிறேன்.
ஓடை வந்தால் நிற்பேன்.
இதற்கா நீங்கள் மூன்று பேர்?"

வாக்கெடுப்பு நடந்தது.
ஆளுக்கு ஒன்று, தத்தம் கட்சிக்கு.
நான்காவது கை என்னுடையது,
அது எழுதிக்கொண்டிருந்தது.

பிறகு பேருந்துக்காகச் சாலையில் நின்றோம்.
எங்கள் ஊர் ஓடை அந்தத் தாருக்கு அடியில் ஓடுகிறது,
முப்பதுகளில் மூடியது.
"பார்த்தாயா," என்றான் எபே, காலால் தட்டி,
"குறியே இல்லை. ஆனால் இருக்கிறது."
"வெள்ளம் வந்தால்?" என்றான் தோர்கில்ட்.
விபெகே குடையை விரித்தாள்.
ஏழாம் எண் பேருந்து
நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றது.