காரணம்: மற்றவை

குன்னூரிலிருந்து ஹெப்சிபா அனுப்பிய படத்தில்
என் சந்தன நிறக் குர்தாவின் கழுத்துப்பட்டி
சுற்றிலும் சிவந்து கிடந்தது.
"ரத்தக் கறையோட விக்கறீங்களே,
மனசாட்சி இருக்கா?"
கீழே மூன்று சிவப்பு முகங்கள், புகைவிட்டபடி.

ராத்திரி பதினொன்றே கால்.
சத்துவாச்சாரியில் கரண்ட் போய் வந்த நேரம்.
நாற்பத்தெட்டு மணிக்குள் ஆதாரம் காட்டாவிட்டால்
அறுநூற்று ஐம்பதும் அவளுக்கே என்றது செயலி.
அந்த அறுநூற்று ஐம்பது
சிலிண்டர்காரர் சட்டைப்பைக்குள் போய் நாலு நாளாகிறது.

ஆதாரம் இருக்கிறது.
படம் பிடிக்காமல் எந்தத் துணியையும் நான் மடிப்பதில்லை.
ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி:
முன்பக்கம், பின்பக்கம், அக்குள், தையல், கழுத்து.
ஓடவிட்டு, நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன்.
சந்தனம். சந்தனம். சந்தனம் மட்டும்.
பின்னால் என் மகனின் குரல்:
"அம்மா, பால் பொங்குது."

பதில் பெட்டி இருநூறு எழுத்துதான் கொள்ளும்.
உடுத்திவிட்டுத் திருப்புகிற புத்தி என்று எழுதினேன்.
அழித்தேன்.
உங்களைப் போன்றவர்களால்தான் என்று ஆரம்பித்து
எதனால் என்று தெரியாமல் நின்றேன்.

அனுப்பும் முன் ஒரு கேள்வி,
என் பக்கத்துக்கு வலுச் சேர்க்கத்தான்:
"துவைத்தீர்களா?"
"பின்ன? அடுத்தவங்க போட்டதாச்சே.
சோப்புப் போட்டு ஊறவெச்சேன்.
அப்பத்தான் தெரிஞ்சுது உங்க லட்சணம்."

சோப்பு.
எழுந்து உட்கார்ந்தேன்.

ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு கரைத்ததும்
மஞ்சள் தண்ணீர் சிவக்குமே, அதுதான்.
பட்டு கலந்த துணி, சாயம் போகக்கூடாதென்று
பூந்திக்கொட்டைத் தண்ணீரில்தான் அலசினேன் நான்.
சந்தனத்துக்குள் மஞ்சள்
சத்தமில்லாமல் பதுங்கியிருந்திருக்கிறது.
கழுத்தில் மட்டும். வட்டமாக.

எதனுடைய மஞ்சள் என்று
யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.
வெள்ளிக்கிழமைதோறும் பூசிப் பூசி
ஆறு வருஷம் ஒரு கயிறு உரசிய இடம்.
கயிற்றைக் கழற்றியாயிற்று.
அந்த வருஷங்களின் துணிகளைத்தான்
ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு இருநூறு எழுத்து போதாது.
"ரத்தமில்லை, மஞ்சள்.
ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். போய்விடும்"
என்று மட்டும் அனுப்பினேன்.

வெகுநேரம் கழித்து வந்தது:
"இங்க பதினோரு நாளா மழை.
வெயிலுக்கு நான் எங்கக்கா போவேன்?"

நியாயம்தான்.
திருப்பி அனுப்புங்கள் என்றேன்.
காரணம் என்ன என்று செயலி பட்டியல் நீட்டியது:
அளவு பொருந்தவில்லை. நிறம் வேறு. சேதம். மற்றவை.
சேதத்தைத் தொட்டு வைத்திருந்தவள்
மற்றவைக்கு மாற்றினாள், நான் கேட்காமலே.
எதிர்வீட்டுக் கமர்நிஷாவிடம் கைமாற்று வாங்கிப்
பணத்தைப் போட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள்
காகிதப்பட்டறை கூரியர் கடையில் பொட்டலம்.
பிரித்தால் பூசண வாடை,
மலை மேகத்தையும் சேர்த்து மடித்திருக்கிறாள்.

நனைத்து மாடியில் விரித்தேன்.
வேலூரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும்
இதற்கு வராது.
பத்து மணிக்கே தொட்டி மூடியில் கைவைக்க முடியவில்லை.
மலை வெளுத்துப்போய் நின்றது.
பெங்களூர் ரோட்டில் லாரிகள் ஆவியில் மிதந்தன.

பதினொன்றுக்கு ஆரஞ்சு.
ஒன்றரைக்கு ஆறிய தேநீர்.
மூன்று மணிக்குத் திருப்பிப் போட வந்தால்
எங்கே இருந்தது என்று
தேட வேண்டியிருந்தது.
கொஞ்ச நேரம் தேடினேன்.

படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன்,
கழுத்துப்பட்டி மட்டும், முழு வெயிலில்.
பார்த்துவிட்டாள் என்று காட்டியது.
பதில் இல்லை.

சாயங்காலம் மதிப்பீடு வந்திருந்தது,
மூன்று நட்சத்திரம்:
"விற்பவர் பரவாயில்லை. துணி சுமார்."