ரசீது

சுடாதே என்றது ஏதென்ஸ்.
சுடவில்லை.
கவாலாவின் உப்புக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு
திராமா வரை நடந்தோம்.
பிறகு ரயில், நாள் கணக்கு மறக்கும் வரை ரயில்.

கோர்லிட்ஸ் நிலையத்தில் பேண்டு முழங்கிற்று.
எங்கள் எழுத்திலேயே 'வருக' என்று ஒரு துணி.
கைதிகள் இல்லையாம் நாங்கள், விருந்தாளிகளாம்.
நான்காம் படையணியின் சம்பளக் குமாஸ்தா நான்;
என் பேரேட்டில் அந்தச் சொல்லுக்குப் பத்தி கிடையாது.
துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டு
ரசீது தந்தார்கள்.
மடித்து வைத்தேன்.

குளிர்காலம் முழுக்க டர்னிப் கஞ்சி.
திமோலியோன் செருப்புக் கடையில் சேர்ந்தான்.
விறகு பிளக்கப் போன பரஸ்கெவாஸ்
விதவை ஹெட்விக்கின் அடுப்படியை விட்டு
வரவே இல்லை.

பெர்லினிலிருந்து ஒருநாள் பேராசிரியர்கள்
தகரக் குழலோடு வந்தார்கள்,
ஊர்ப் பேச்சு வேண்டுமென்று.
ஸ்டேர்யோஸ் குழலுக்குள் தலையை விட்டு
தன் கழுதையைத் திட்டினான்
ஒரு வசவு விடாமல்.
மிக்க நன்றி என்றார் பேராசிரியர்.

விஷக்காய்ச்சல் அக்டோபரில்
அவன் பெயர்மேல் கோடு கிழித்தது நான்தான்.
மெழுகுத் தட்டில்
அந்தக் கழுதை இன்னும் நகர மாட்டேன் என்கிறது.

பத்தொன்பதில் திரும்பினோம்.
சலோனிகாத் துறையில் பேண்டு இல்லை.
மையில் பேனாவைத் தோய்த்தபடி
லெப்டினன்ட் ஒருவன் கேட்டான்:
"ஓடிப்போனவனா, துரோகியா?"
அவன் பேரேட்டில் இரண்டே பத்திகள்.

ரசீதை நீட்டினேன்.
விளக்கில் பிடித்துப் பார்த்தான்,
முன்னும் பின்னும்.
சரி,
துப்பாக்கி எங்கே என்றான்.